கச்சான் காலத்திலும் ஊரில் இருப்பவர்

பாலைக்கண்டலில் ஹாசிமைக் கண்டவர்கள் முதலில் கேட்பது, "புத்தளத்துல மழையா?" என்பதுதான். புத்தளத்தில் எங்கள் ஒழுங்கைச் சந்தில் கண்டவர்களோ, "மன்னார்ப் பக்கம் குளம் நிரம்பிட்டா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் அவரிடம் பதில் இருக்கும். வாகனம் வழியில் எலுவன்குளத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் விரட்டப்பட்டு, பாலைக்கண்டலை விட்டு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. வில்பத்துக் காட்டுக்கு அந்தப் பக்கம் அந்த ஊர். இந்தப் பக்கம், புத்தளத்தில் கடற்களப்பு ஓரமாக, எங்கள் பஹ்ரியாபுரம். யுத்தம் முடிந்து காட்டுப் பாதையில் வாகனங்கள் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு ஊர்களிலும் மாறி மாறி வாழ்ந்தவர் ஹாசிம்.

தண்ணீர் இறைக்கும் மிஷின் திருத்துவது அவர் தொழில். புத்தளத்தை அடுத்த கற்பிட்டி மணலில் ஆள் உயரத்துக்குத் தோண்டினால் தண்ணீர் வரும். வெயில் காலம் முழுவதும் வெங்காயத் தோட்டங்களில் மிஷின் ஓடும். ஓடுகிற மிஷின் பழுதாகும். பழுதானால் ஹாசிமைத் தேடுவார்கள். பாலைக்கண்டலில் அவருக்கு இருப்பது வாப்பாவின் வயல். சின்னக் குளத்தின் கீழ், ஒரே ஒரு மழையை நம்பிய நிலம். ஐப்பசியில் போய் விதைப்பார். இடையிடையே வந்து போவார். அறுவடை முடிந்து, கோடையின் வறண்ட கச்சான் காற்று கிளம்புமுன் பையைத் தூக்கிவிடுவார். அங்கே தங்குவது, ஊரின் ஒரே கடையை வைத்திருக்கும் கூட்டாளி றஸீனின் பின்னறையில்.

எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊரைப் புகழ்வது அவர் வழக்கம். பாலைக்கண்டலில் உவர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கற்பிட்டித் தண்ணி இளநிபோல" என்பார். புத்தளத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் நின்றுகொண்டு, "அங்க ராவைக்குக் குளத்துல மீன் துள்ளுற சத்தம் கேக்கும்" என்பார். எங்கள் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சனம் பாலைக்கண்டல் முழுவதிலும் இல்லை. எங்களுக்குச் சித்திரையிலும் சிலாபம் பக்கமிருந்து ஒரு மழை வந்து எட்டிப் பார்க்கும்; அங்கே அதுவும் இல்லை.

"நீ எந்த ஊர்ல நிண்டாலும் மற்ற ஊர்தான்டா உனக்குச் சுவனம்" என்பான் றஸீன்.

அவருடைய மனைவி மஹ்மூதாவுக்கு இப்படி இரண்டு மனம் இல்லை. ஒழுங்கையில் காலையில் முதலில் புகைவது அவள் அடுப்பு. சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். மகள் நிஃப்லா பக்கத்து ஒழுங்கையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பாலைக்கண்டல் பேச்சு எடுத்தால், "தண்ணி உப்பு, பாதையில யானை, ஆசுபத்திரிக்கு அரை நாள். நீங்க போய் வாங்க" என்று முடித்துவிடுவாள்.

பாலைக்கண்டல் பள்ளிவாசலைத் திரும்பக் கட்டியபோது ஹாசிமும் கல் சுமந்தார். தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மிஷினைப் பூட்டியதும் அவர்தான். கூரை போட்டு, பாய் விரித்து, ஐந்து நேரத் தொழுகையும் தொடங்கியது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில், குத்பா என்ற பிரசங்கத்தோடு தொழும் ஜும்ஆ மட்டும் தொடங்கவில்லை. நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி, ஜும்ஆவுக்கு அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். நாற்பது இல்லையென்றால் வெள்ளிக்கிழமையும் மற்ற நாள்களின் நடுப்பகல் தொழுகையான லுஹர்தான். திரும்பி வந்த குடும்பங்களில் இருந்த ஆண்கள், புதிய மௌலவியோடு சேர்த்து, முப்பத்தொன்பது பேர்.

ஊருக்குப் புதிதாக வந்த மௌலவி அம்ஜத் இளம் ஆள், கனமூலை ஊர்க்காரர். மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஹாசிமும் பள்ளியில் இருந்தார். நாற்பது தலை தெரிந்ததும் றஸீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மௌலவி, எழும்புங்க. இண்டைக்குக் குத்பா ஓதுவம்."

மௌலவி எழும்பவில்லை. "ஹாசிம் நானா, நீங்க இந்த ஊர் ஆளா?" என்று கேட்டார்.

"என்ன மௌலவி இது கேள்வி? இவண்ட வாப்பா, மூத்தவாப்பா எல்லாரும் இந்த மையவாடியிலதான் அடங்கிக் கிடக்கிறாங்க."

"மௌத்தானவங்களக் கணக்கெடுக்க ஏலாது, றஸீன் நானா." நாலைந்து பேர் சிரித்தார்கள். மௌலவி ஹாசிமின் பக்கம் திரும்பினார். "மாரியிலயும் கோடையிலயும் ஊர விட்டுப் போகாதவரா இரிக்கணும். தேவைக்குப் போய் வாறது வேற. என்னப் பாருங்க, நான் கனமூலையில பிறந்தவன். ஆனா பெண்சாதியக் கூட்டி வந்துட்டன், இங்கதான் இரிப்பன். நீங்க சொல்லுங்க நானா. நீங்க சொல்றத நான் எடுப்பன்."

றஸீன் பின்னாலிருந்து ஹாசிமின் சாரத்தைப் பிடித்து இழுத்தான். "ஓம் எண்டு சொல்லுடா. ஒரு சொல்லுதானே."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஹாசிமுக்கும் ஆசைதான். இருபது வருடத்துக்கு முன் அவருடைய வாப்பா முன் வரிசையில் இருந்து குத்பா கேட்ட பள்ளி அது. ஹாசிம் வெளியே, தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்தார்.

"கச்சான் அடிச்சா நான் போயிருவன், மௌலவி. எண்ட வீட்டு அடுப்பு அங்கதான் எரியுது" என்றார்.

அன்றும் லுஹர்தான் தொழுதார்கள். தொழுகை முடிந்து கடைக்குப் போன ஹாசிமுக்கு றஸீன் தேத்தண்ணீர் ஊற்றவில்லை. "புத்தளத்து ஆக்களுக்குப் புடிச்ச தண்ணி இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, பருப்பு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டான்.

எலுவன்குளத்தில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடியதால் அனுராதபுரம் சுற்றித்தான் அவரால் வீடு வர முடிந்தது. நடந்ததை மஹ்மூதாவிடம் சொன்னார். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு ஆள் குறைஞ்சாலும் ஏலாதா?"

"ஏலாது."

"அந்த நாப்பதுல பொம்பளயச் சேப்பாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்கு வரணும்?"

"நீ வந்தாத்தானே நான் சேருவன்."

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா இரிக்கு. கணக்குல இல்லாத ஆள் வந்தாத்தான் கணக்கு சரியாகும்!"

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. எடுத்தவள் அவள்தான். தை பிறந்ததும், "அங்க இப்ப எத்தின பேர்?" என்றாள். மாசியில் அவர் நெல் மூட்டையோடு வந்து இறங்கியபோதும் அதையே கேட்டாள். அதே முப்பத்தொன்பது. பங்குனியில் ஒருநாள் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. என்னய மழைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. குளத்தையும் பச்சையையும் கண்டா நான் ஏமாந்து ஓம் எண்டுருவன். கச்சானுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுல இரிக்க ஏலுமா எண்டு பாப்பம். ஏலாட்டி இந்தக் கதைய இனி எடுக்கப்படா."

கச்சான் காலத்தில் அந்த ஊர் எப்படியிருக்கும் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. ஆனாலும், வெங்காயத் தோட்டக்காரர்கள் தேடி வரும் பருவத்தில், வைகாசி பிறந்ததும் இருவரும் போனார்கள். நிஃப்லா கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

வாப்பாவின் பழைய வீட்டில் நின்றது இரண்டு சுவர். அதன்மேல் தகரம் போட்டு ஒண்டினார்கள். காற்று பகல் முழுவதும் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. குளம் வற்றி, அடியில் மண் வெடித்துக் கிடந்தது. முதல் நாள் இடியப்பத்தை ஹாசிம் மெதுவாக மென்றார்.

"என்ன பல்லுல சத்தம்?" என்றாள் மஹ்மூதா.

"ஊர் மண்."

"நல்லாத் தின்னுங்க. இதுக்குத்தானே ஆசப்பட்டீங்க."

அடுத்த நாள் அவள் அடுப்பைக் கிணற்றுக்கட்டின் மறைவுக்கு மாற்றினாள். காற்று வரும் பக்கம் சாக்கை நனைத்துக் கட்டினாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "உப்பு இது காணும், இனிச் சீனியப் போடுங்க" என்றாள். காலை எழுந்தது முதல் காற்றை ஏசினாள், தண்ணீரை ஏசினாள், கல் சுமந்து இந்த ஊரைத் திரும்ப எழுப்பியவர்களை ஏசினாள். ஆனால் இடியப்பத்தில் மண் இல்லாமல் போயிற்று.

காசு கொடுத்து இடியப்பம் வாங்க அந்த ஊரில் வேறு இடம் இல்லை. புத்தளத்தில் ஒரே ஒழுங்கையில் அவளோடு போட்டிக்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இங்கே சனம் கொஞ்சம்தான்; வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்கள் எல்லோரும் இவளிடம்தான் வந்தார்கள். தட்டோடு வந்தவர்கள் குந்தியிருந்து கதைத்துவிட்டும் போனார்கள். றஸீனும் ஒருநாள் தட்டோடு வந்தான். ஹாசிமைப் பார்க்காத மாதிரி நின்றான்.

"தங்கச்சி, பத்து."

"அவரோட கதைக்காத ஆளுக்கு இடியப்பம் இல்ல" என்றாள் மஹ்மூதா.

றஸீன் தலையைச் சொறிந்தான். "டேய், எண்ட மிஷின் இறைக்குதில்ல. வந்து பாரு" என்றான்.

அந்த மிஷினைக் கொண்டுவந்து முற்றத்தில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான், மஹ்மூதா போனில் நிஃப்லாவிடம் சொல்வது ஹாசிமுக்குக் கேட்டது.

"வீட்ட நீங்க எடுத்துக்கோங்க மகள். பெரிய இடியப்ப உரலையும் தட்டுகளையும் லொறியில ஏத்தி விடுங்க. இங்க உள்ளது காணாது... ஓம், காத்துதான். அடிக்கட்டும். எனக்கென்ன, நான் மறைவுலதானே இரிக்கிறன்."

ஹாசிம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே இறுக்கிய மிஷின் சுரையை இன்னொரு தரம் இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்திப் பள்ளிக்குப் போனார். மஹ்மூதா அடுப்பில் சோறு வைத்துக் காத்திருந்தாள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. பிறகு ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்குள் மௌலவி பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு மேலால் காதைக் கொடுத்தாள். ஜும்ஆவுக்கே உரிய இரண்டாவது பாங்கு கேட்டது. அதன் பின்னால் மௌலவி அம்ஜத்தின் குரல், நபி மீது ஸலவாத்துச் சொல்லி, குத்பாவைத் தொடங்கியது. மஹ்மூதா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். சோறு அடிப்பிடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழுகை முடிந்து றஸீன் தன் கடையில் தேத்தண்ணீர் ஊற்றி, முதல் கோப்பையை ஹாசிமிடம் நீட்டினான். பழக்கதோஷத்தில், "புத்தளத்துல மழையா?" என்று கேட்டான்.

ஹாசிம் கோப்பையை வாங்கினார்.

"தெரியாதுடா" என்றார். "நிஃப்லாட்டத்தான் போன் எடுத்துக் கேக்கணும்."