மணியகாரருக்குச் செய்த விளையாட்டுச் சாமான்கள்

பேத்தி தன் பூனைக்கு நேற்று சேலத்தில் ஒரு கடையிலிருந்து விளையாட்டுச் சாமான் வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் குச்சி, அதன் நுனியில் சிவப்புச் சாயம் ஏற்றிய இறகு. பூனை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூனைக்கு விளையாட்டுச் சாமான் செய்வதில் ஒரு காலத்தில் இந்த ஜில்லாவிலேயே எனக்கு ஈடான ஆள் கிடையாது என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

இறகைத் தொட்ட விரலில் சாயம் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன். அந்த மலிவுச் சாய வாடை என்னை நேராகத் தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டது.

யுத்த காலம். சங்ககிரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கச்சேரி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கு முறைப்படி அனுமதி வாங்கவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. காலேஜில் படித்தவன், ஆகவே மனிதர்களோடு பழக லாயக்கில்லாதவன் என்று தீர்மானித்து என்னை ரிக்கார்டு ரூமில் போட்டார்கள். ஒரே கதவு. ஜன்னல்களில் கம்பிவலை. கூரை வரைக்கும் பலகைத் தட்டுகள், அவற்றில் கிராமம் கிராமமாக நிலப் பதிவேட்டுக் கட்டுகள். ஒவ்வொரு கட்டையும், அதே சாய வாடை அடிக்கும் சிவப்பு நாடாவால் இறுக்கி முடிந்து, நாடாவின் நுனியை ஒரு சாண் தொங்கவிட வேண்டும். ஏன் தொங்கவிட வேண்டும் என்று கேட்கக் கூடாது.

காகிதம் ஒட்டும் பசையில் மயில்துத்தம் கலந்தால் எலி தொடாது என்பது விதி. எங்கள் எலிகள் விதியைப் படித்ததில்லை. ஒரு கிராமத்தின் வடக்கு எல்லையை அப்படியே தின்று தீர்த்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டுத்தான், கச்சேரியைப் பெருக்கும் செல்லாயக்கா ஒருநாள் கூடையில் ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்து இறக்கினார்.

"மல்லசமுத்திரத்துப் பூனைங்க சாமி. எங்கண்ணன் ஊட்டுல ஒரு எலியும் தங்கலைங்க."

கனத்த உடம்பு, நிதானமான நடை, யார் வந்தாலும் எழுந்திருக்காத குணம். கிராமத்தை ஆளும் மணியகாரர்கள் அப்போது அப்படித்தான் இருப்பார்கள். எனவே அதற்கும் மணியகாரர் என்றே பெயர் வந்தது. வெளியே விட வழியில்லை; மனு கொடுக்க வருகிறவர்களின் வண்டிகளுக்குப் பின்னால் வந்த நாய்கள் வளாகம் முழுக்கக் கிடந்தன. ஆகவே மணியகாரர் இரவும் பகலும் உள்ளேயே. ஒன்றரை மாதத்தில் ஓர் எலி மிச்சமில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எலி தீர்ந்த பூனைக்கு வேலை என்ன? சுற்றிலும் நூற்றுக்கணக்கான நாடா நுனிகள், காற்றில் லேசாக ஆடிக்கொண்டு! மணியகாரர் ஒன்றை இழுத்தார். கட்டு விழுந்தது. இரண்டாவதை இழுத்தார். இரண்டு கிராமங்கள் ஒன்றாகக் கலந்தன.

ஹெட் குமாஸ்தா இருபத்தேழு வருட சர்வீஸ்காரர். நம்பர் இல்லாத காகிதத்தில் கையெழுத்தே போட்டதில்லை என்பது அவர் பெருமை. வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"வருசக் கணக்குப் பாக்க, ஜமாபந்திக்கு சப் கலெக்டர் வாராரு. இன்னம் இருவது நாள்தான். அதுக்குள்ள இன்னொரு கட்டு உழுந்துச்சோ, பூனையைச் சாக்குல போட்டு ரயிலேத்திக் காவேரிக்கு அக்கட்டால உட்டுட்டு வரோணும். நீதான் கொண்டுபோவோணும்."

ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனைக்குத் திரும்ப வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அவர் போனதும் செல்லாயக்கா, "வேலைவெட்டி இல்லாட்டி மனுசனே வம்புக்குப் போறான். அதுக்கு எதையாச்சும் வெளையாடச் செஞ்சு குடுங்க சாமி. படிச்சவிங்கதானே?" என்றார்.

படிப்பு முதல்முறையாக ஒரு காரியத்துக்கு அழைக்கப்பட்டது. முறைப்படி ஆரம்பித்தேன். முதலில், அம்மாபேட்டைத் தறிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய கழிவு நூலைச் சுற்றி ஒரு பந்து. நூலில் கஞ்சிப் பசை இருந்தது. மணியகாரர் அதை நக்கித் தீர்த்துவிட்டு, பந்தைத் தலையணையாக வைத்துத் தூங்கினார். அடுத்து, காய்ந்த சுரைக்குடுவைக்குள் புளியங்கொட்டை போட்டு உருட்டினேன். அந்தச் சத்தத்துக்கு அவர் உச்சித் தட்டில் ஏறியவர், சாயங்காலம் வரை உத்தரவுக்குக் காத்திருப்பவர்போல் அங்கேயே இருந்தார். மூன்றாவது, பஞ்சடைத்த துணி எலி, சணல் வாலோடு. அதை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆட்சேபணையோடு திருப்பப்பட்டது என்று அர்த்தம்.

எலிக்குச் சத்தம் இல்லாததுதான் குறை என்று எனக்குப் பட்டது. மேஜைக்கடியில் குப்புறப் படுத்து வாலை ஆட்டியபடி, "கீச் கீச்" என்று கத்தினேன். நிமிர்ந்தால் ஹெட் குமாஸ்தாவின் செருப்பு.

"என்னய்யா அங்க?"

"பரிசோதனைங்க."

"யாருக்கு?"

மணியகாரரும் அதையே கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கடைசியில் செல்லாயக்கா, ஊரில் நோம்பிக்கு அறுத்த சேவலின் வால் இறகுகள் மூன்றைக் கொண்டுவந்தார். மைப் புட்டியின் தக்கையில் துளையிட்டு இறகுகளைச் செருகி, விட்டத்துக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டேன். ஒரு தட்டுத் தட்டியதும் அது சுழன்றது, மிதந்தது, பறவைபோல் பதறியது. மணியகாரரின் கண்கள் இரண்டும் கறுப்பாக விரிந்தன. பின்புறம் ஆடியது. பறந்தார்! அத்தனை பெரிய உடம்பு காற்றில் ஒரு முழுக் கரணம் அடித்து, தவறி, மைக்கூட்டின்மேல் விழுந்து, நீலக் காலோடு மறுபடியும் பறந்தது. செல்லாயக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுக் கை தட்டினார்.

மறுநாள் மத்தியானம் கச்சேரியே கதவருகில் நின்றது. மனு கொடுக்க வந்தவர்கள் மனுவை மறந்தார்கள். "தாவுங்க மணியகாரரே!" என்று செல்லாயக்கா கத்தியபோது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த நிஜ மணியகாரர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தால், ஹெட் குமாஸ்தா தனியாக நின்று இறகை ஆட்டிக்கொண்டிருக்கிறார். "முடிச்சு இறுக்கமா இருக்குதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். பத்தொன்பது நாள் ஒரு கட்டும் விழவில்லை.

இருபதாம் நாள், மரியாதைக்காக இறகை அவிழ்த்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். சப் கலெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத இளைஞர். ஒரு கட்டைத் தட்டிலிருந்து எடுத்து, நாடா நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

உச்சித் தட்டிலிருந்து மணியகாரர் புறப்பட்டதை நான் பார்த்தேன். தடுக்க நேரமில்லை. கட்டு வெடித்தது. காகிதம் மழையாகக் கொட்டியது. கண்ணாடி ஒரு பக்கம், சப் கலெக்டர் ஒரு பக்கம். நடுவே மணியகாரர், வாயில் நாடாவோடு, வெற்றிகரமாக.

"யார் பழக்கியது?"

நான் முன்னால் வந்தேன். இறகைப் பற்றிச் சொன்னேன்.

"எதில் கட்டித் தொங்கவிட்டீர்?"

"நாடாவில்தான் சார்."

அவர் சுற்றிலும் தட்டுகளில் தொங்கிய நாடா நுனிகளைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கச்சேரியில் சணல் கயிறு மூட்டையாகக் கிடந்தது. ஆனால் ஒரு பொருளைக் கட்டவேண்டும் என்றால் குமாஸ்தாவின் கை வேறெதற்குப் போகும்? யுத்தத்தில் நாடாவுக்குப் பஞ்சம் இருந்தும், புதிதாக இரண்டு முழம் வெட்டினேன். சிவப்பு நாடா ஆடினால் பாயவேண்டும் என்று அத்தனை நாள் பாடம் நடத்தியவன் நான்தான்.

"ரிக்கார்டு ரூமில் உள்ள பூனையை அப்புறப்படுத்தி அறிக்கை அனுப்பவும்" என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஹெட் குமாஸ்தாவே சாக்கோடு வந்தார். செல்லாயக்கா கதவை மறித்து நின்றார்.

"என்னைய மொதல்ல சாக்குல போடுங்க, அப்பறம் அதைப் போடுவீங்களாமா."

"கம்முனு இரு செல்லாயி. மேலிடத்து உத்தரவு."

நான் பதிவேட்டை எடுத்து அவர்முன் வைத்தேன். "இந்த ரூமை விட்டு எது வெளிய போனாலும் கேட்புச் சீட்டுல நம்பர் போட்டு நீங்க கையெழுத்துப் போடோணுங்க. நம்பர் மட்டும் சொல்லுங்க."

அவர் நிஜமாகவே தேட ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக.

"இது எப்ப உள்ள வந்துது?"

"பதிவுல வரவே இல்லைங்க."

விரல் நின்றது. வராதது எப்படி வெளியே போகும்? முன்தேதியிட்டு வரவு எழுதினால் பொய்ப் பதிவு. இருபத்தேழு வருடம்! இதற்குள் மணியகாரர் தானாகவே சாக்குக்குள் நுழைந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, படுத்துத் தூங்கியேவிட்டார். ஹெட் குமாஸ்தா அதைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"எழுதுய்யா. மேற்படி அறையின் பதிவேடுகளைச் சரிபார்த்ததில் பூனை எதுவும் காணப்படவில்லை என்று பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். "சாமி, நல்லா இருப்பீங்க" என்று செல்லாயக்கா ஹெட் குமாஸ்தாவைக் கும்பிட, அவர் "நாடா நுனியெல்லாம் உள்ள மடக்குய்யா" என்று என்னை அதட்டிவிட்டுப் போனார். மேலிடத்திலிருந்து மறுபேச்சு வரவில்லை. எனக்கு மாற்றல் வந்த பிறகும் மணியகாரர் அந்தத் தட்டுகளுக்கிடையே பல வருடம் வாழ்ந்ததாகச் செல்லாயக்கா சொல்லியனுப்பினார்.

போன மாதம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அதற்கு முதல் நாள் பார்க்கப் போயிருந்தேன். லாரியில் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஓர் இளம் பெண் ஒவ்வொன்றுக்கும் நம்பர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். என் எழுத்து எத்தனையோ இடத்தில் இருந்தது. செல்லாயக்காவுக்குக்கூட ஒரு வருகைப் பதிவு இருந்தது. மணியகாரர் எதிலும் இல்லை. அப்படியொரு பூனை இல்லை என்று எழுதிய கடிதத்தின் நகலாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

"அந்த வகைக் காகிதத்தை மூணு வருசத்துல எரிச்சிருவாங்க ஐயா, அதுதானுங்க ரூல்" என்றாள்.

எனக்கே சொல்கிறாள்.