மலை தாண்டிப் பயிற்சிக்குப் போன எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைப் பெற்றிருக்கும் உறவினர்களில் பலருக்கு, அக்கா அமெரிக்காவில் ஏதோ ஃபுட்பால் ஆடினார் என்ற அளவில்தான் தெரியும். அது நம் ஊர்க் கால்பந்து அல்ல, ஆஸ்திரேலியர்களின் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம், எறியக் கூடாது. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

உடுமலைப்பேட்டையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா நூல் மில்லில் மேற்பார்வையாளர். பள்ளி நாட்களில் அக்கா கோ-கோ ஆடினார். மேற்படிப்புக்கு மெல்போர்ன் சென்றபோது, விடுதிக்கு எதிரே இருந்த மைதானத்தில் ஒரு மகளிர் அணிக்கு ஆள் குறைந்தது. வேலி ஓரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். “விழுந்து விழுந்து எந்திரிக்கறேன்டி. ஆனா ஆடறப்போ மட்டும் ஊரு நெனப்பு வர்றதில்ல” என்று போனில் என்னிடம் சொன்னார்.

திருமணத்துக்குப் பிறகு மாமாவுடன் அமெரிக்காவில் லிவர்மோருக்கு வந்தார். மருந்து நிறுவனமொன்றில் வேலை. மலைக்கு அந்தப் பக்கம் வளைகுடா ஓரத்தில் இதே ஆட்டத்தை ஆடும் மகளிர் அணி இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டார். நர்சுகள், ஆசிரியைகள், ஊர் நினைவில் ஆட வந்த ஓரிரு ஆஸ்திரேலியப் பெண்கள். புதன்கிழமை தோறும் அலுவலகம் முடிந்து, ஃப்ரீவே நெரிசலில் மலையைக் கடந்து போய் ஆடிவிட்டு வருவார். முழங்காலில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் ஓட முடியாது என்றானதும், அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். தோற்ற அன்று யார் மோசமாக ஆடினாரோ, அவருக்குத்தான் அக்காவின் முதல் போன் போகும்.

அப்பா இறந்தபோது அக்காவின் விசா புதுப்பிப்பில் சிக்கியிருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்று தெரியாது, கையில் பால் குடிக்கும் குழந்தை. அப்பாவின் இறுதிச் சடங்கை போன் திரையில் பார்த்தார். அன்று மாலை எப்போதும் போலச் சமைத்தார். “அழுதிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு” என்று மாமா இன்றும் சொல்வார். அணியில் யாரிடமும் அதைப் பற்றி அக்கா பேசவில்லை.

பிறகு நோய் வந்தது. கருப்பையருகே தொடங்கிய புற்றுநோய், தெரியவந்தபோதே பரவியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியதும் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். தலைமுடி உதிர்ந்த மகள் தொப்பி போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்புவதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

“ஒடம்புல தெம்பே இல்ல. அங்க போயி என்னத்தைக் காணப்போற?” என்று வாசலை மறித்தார்.

“இங்க எல்லாரும் என் மூஞ்சியத்தாம்மா பாக்கறீங்க. அங்க எல்லாரும் பந்தைப் பாப்பாங்க.”

அடுத்த வாரம் அம்மா அக்காவுக்கு முன்பாகவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தவரிடமிருந்து கத்தியை வாங்கித் தானே நறுக்க ஆரம்பித்தார். மேகன் என்ற ஆட்டக்காரப் பெண்ணை “மேகலா” என்றே கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அந்த ஆண்டின் பெரிய போட்டி வேறு மாநிலத்தில் நடந்தது. அதற்குள் அக்காவின் நுரையீரலில் நீர் கோத்து, சிகிச்சையை நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் வசிக்கும் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து வந்து சேர்ந்தேன். இறுதி ஆட்டத்தை யாரோ மைதானத்திலிருந்து வீடியோவில் காட்ட, அக்காவின் மகள் யாழினி போனைக் கட்டில் அருகே பிடித்திருந்தாள். “லெஃப்ட்ல ஆளே இல்ல, அங்க குடு” என்று அக்கா முனகிக்கொண்டிருந்தார். அது அங்கே யாருக்கும் கேட்காது. பாதியில் மருந்து அவரைத் தூக்கத்தில் ஆழ்த்திவிட்டது.

நாங்கள் தொடர்ந்து பார்த்தோம். ஒரு கோல் விழுந்தால் வெற்றி என்ற நிலையில் மேகன் பந்தைப் பிடித்தாள். ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஒலித்துவிட்டது. பிடித்தவர் ஒருமுறை உதைக்கலாம் என்பது விதி. அவள் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது, கோல் ஆகவில்லை.

அக்கா கண் விழித்து, “என்னாச்சு?” என்றார்.

“ஜெயிச்சுட்டாங்க கண்ணு” என்றார் அம்மா.

அக்கா அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பொய் சொல்லாதம்மா. ஜெயிச்சிருந்தா இந்நேரம் போன் அடிச்சே தீத்திருப்பாங்க.”

“மேகன் ஹிட் த போஸ்ட், அம்மா” என்றாள் யாழினி.

“அவளுக்கு போன் போடு.”

மறுமுனையில் மேகன் அழுகையை நிறுத்த முடியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு ஆறுதல் சொல்ல மூச்சு இல்லை. ‘அந்த இடத்துக்கு நீ ஓடி வந்தாய், அதனால்தான் பந்து உன் கைக்கு வந்தது, மற்றவர்கள் யாரும் வரவில்லை’ என்று ஆங்கிலத்தில் விட்டு விட்டுச் சொன்னார். வரும் புதன்கிழமை பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். அதன்பின் அவர் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசவில்லை. அந்தப் புதன்கிழமையை அக்கா பார்க்கவும் இல்லை.

இறுதிச் சடங்குக்கு அணியினர் எல்லோரும் ஆடும் சட்டையிலேயே வந்துவிட்டார்கள். என்ன சொல்வார்களோ என்று மாமா உறவினர்களைப் பார்த்துத் தயங்கினார். “வரட்டுமுங்க மாப்பிள்ளை. அவங்களும் போடட்டும்” என்று அம்மாதான் அவர்களை வாய்க்கரிசி போட அழைத்தார். மேகன் அவசரமாகப் போட்டதில் அரிசி சிதறியது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா போடு சாமி” என்றார். அவளுக்கு என்ன புரிந்ததோ, மெதுவாகவே போட்டாள்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியர்களுக்கும், மாதக்கணக்கில் சாப்பாடு கொண்டுவந்த லிவர்மோர் கோயில் நண்பர்களுக்கும், சடங்குகளை நடத்தித் தந்த ஐயருக்கும், தொலைவிலிருந்து வந்து நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அக்காவை ஒரு நாளும் தனியே விடாத மாமாவுக்கு, தங்கையாக நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். அணியை இப்போது மேகன் நடத்துகிறாள். பயிற்சி நாட்களில் வீட்டுக்கு வந்து யாழினியை அழைத்துப் போகிறாள். யாழினி போகிறாள், ஆனால் காரை விட்டு இறங்குவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “ஐ ஜஸ்ட் வான்ட் டு சிட் தேர், சித்தி” என்றாள். மைதானம் தெரிகிற மாதிரி காரை நிறுத்திவிட்டு மேகன் போகிறாள். முடிந்ததும் வந்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். இறங்கி வா என்று அந்த அணியில் ஒருவர்கூட இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அதற்காகவும் அவர்களுக்கு எங்கள் நன்றி.