கல்லைத் தொட்ட கை

கர்லிங்கில் மூன்று கோப்பைகள் வாங்கியிருக்கிறேன். மூன்றும் ஐஸ் தரையைத் தேய்த்து வாங்கியவை. ஊரில் இருக்கும் என் மனைவி இதை இன்றுவரை நம்பவில்லை. வீட்டில் நான் விளக்குமாற்றைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

ஆட்டம் இதுதான். பதினெட்டுக் கிலோ கருங்கல்லை ஒருவர் ஐஸில் வழுக்கி விடுவார். இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே பிரஷ்ஷால் ஐஸைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். எதிர்முனையில் வட்டம். நடுப்புள்ளிக்கு யார் கல் பக்கமோ, புள்ளி அவர்களுக்கு. தேய்ப்பதில் எனக்கு இணையானவன் இந்த அமீரகத்தில் அஜ்மானிலிருந்து ருவைஸ் வரை கிடையாது. அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

வேலையில் நான் சேஃப்டி ஆபீஸர். சைட்டில் எல்லாருக்கும் சேர்த்து முன்கூட்டியே பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவன்.

என் முதல் டீமின் கேப்டன் நாகர்கோவில் அண்ணன். ருவைஸ் ரீஃபைனரியில் ஆபரேட்டர். அங்கேயே வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் ஓட்டி, துபாயில் ஒரு மாலுக்குள் இருந்த ஐஸ் மைதானத்துக்கு வருவார். நான் அஜ்மானிலிருந்து போய்ச் சேர்ந்துகொள்வேன். எட்டு சீசன் ஆடி ஒரு கப்பு கூட இல்லை. ஒன்பதாவது சீசனில் ஃபைனல். அடுத்த வியாழக்கிழமை அண்ணன் விசா கேன்சல் செய்து ஊருக்கே போகிறார்.

"மக்கா, வெறுங்கையோட போவ வச்சிராதிய" என்றார் காலையில்.

அந்தப் பயத்தில் ஆட்டம் தொடங்குமுன் நான்கு தடவை பாத்ரூம் போனேன். ஐந்தாவது தடவை, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தவர், "சுகர் இருக்கா பாய்?" என்று பரிவோடு கேட்டார்.

கடைசிக் கல் வரை இரண்டு பக்கமும் சமம். அந்தக் கல் எங்களுடையது. வட்டத்துக்குள் அவர்கள் கல் ஒன்று, நடுப்புள்ளியிலிருந்து ஒரு முழம் தள்ளி. எங்கள் கல் அதைவிடப் பக்கத்தில் நின்றால் அண்ணனுக்குக் கப்பு.

அண்ணன் கல்லை விட்டார். "தேய்யில! யல்லா, யல்லா!"

தேய்த்தேன். அப்படி நான் என் பல்லைக்கூடத் தேய்த்ததில்லை. கல் வட்டத்துக்குள் நுழைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். பிரஷ் கல்லின் ஓரத்தில் லேசாக உரசியது.

ஓடுகிற கல்லில் பிரஷ் பட்டால் தேய்த்தவனே சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தின் வழக்கம் அது. அன்று யாரும் பார்க்கவில்லை.

பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் மனசாட்சியோடு போராடுவார்கள். எனக்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. பதினேழு வருடம் சைட்டில் பழகிய உடம்பு, தானாக பிரஷ்ஷைக் கீழே போட்டது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது, "ஸ்டாப்! எல்லாரும் ஸ்டாப்!" என்று கத்தியது.

ரீஃபைனரிக்காரர்கள் மூவரும் ஏன் என்று கேட்கவில்லை. பிரஷ்களை அப்படியே போட்டுவிட்டு எமர்ஜென்சி வாசல் பக்கம் போய் வரிசையாக நின்றார்கள். அண்ணன் தலைகளை எண்ணினார். கல் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் போய், நடுப்புள்ளிக்கு நான்கு விரல் தள்ளி நின்றது.

எதிரணிக் கேப்டன் ஒரு கனடாக்காரப் பெண்மணி, ஸ்கூல் டீச்சர். என்ன ஆயிற்று என்றார். தொட்டுவிட்டேன் என்றேன். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து எங்கள் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். விதிப்படி அது அவர் உரிமை. கப்பு அவர்களுக்கு.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித்தர வேண்டும் என்பதும் ஒரு வழக்கம். மாலுக்குப் பின்னால் கரக் டீ வாங்கித்தந்தார்கள். "உன்னைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை. அடுத்த சீசன் எங்கள் டீமுக்கு வந்துவிடு" என்றார் டீச்சர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்ப்பவர்களுக்கு அது அடக்கம் மாதிரி தெரிந்திருக்கும்.

அண்ணன் என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"நேர்மையா மக்கா அது? ஃபயர் டிரில்லுதான?"

"ஆமாண்ணே."

"எனக்கும் கால் தானா போச்சுல. தல எண்ணி முடிச்ச பெறவுதான், தீயும் இல்ல, கேஸும் இல்லன்னு தெரிஞ்சுது." குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்; சிரிப்பில் வந்ததுதானா என்று நான் கேட்கவில்லை. "போ, அவிய டீம்ல சேரு. ஆனா மொத கப்பு எனக்கு."

அடுத்த வருடமே வாங்கினோம். டீச்சரிடம் சொல்லிவிட்டு, கப்பைக் குளியல் துண்டில் சுற்றி, லீவில் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு வாங்கிய மற்ற இரண்டும் அஜ்மான் ரூமில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கின்றன.

இரண்டாம் நாள் அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மக்கா, கப்பு வந்துட்டு. வீட்டுல எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டுத்தான் தொட்டேன்."