ஒன்பதாவது கிரீன்

மில்லிமீட்டர் என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற மனிதர், எதை எடுத்தாலும் மில்லிமீட்டரிலேயே பேசினால் வேறு என்ன பெயர் கிடைக்கும்? மீசையைக் கத்தரிக்கக் கண்ணாடி முன் நின்றால் அரைமணி நேரம் ஆகும். "அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்கு பாருங்க" என்று மனைவி உசுப்பிவிட்டுப் போவாள். மனிதர் மறுபடி கத்தரிக்கோலை எடுப்பார்.

இத்தனை கறாரான மனிதருக்கு ஒரே ஒரு குறை. முதலாளி என்று யார் எதிரே நின்றாலும் வாயில் 'சரிங்க' தவிர வேறு வார்த்தை வராது.

அவர் இருந்தது கையகல மாநிலம். காலையில் ஒரு கோடியில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுகோடியில் இருக்கலாம். அந்தச் சின்ன இடத்துக்குள் பத்து வருடத்தில் ஐந்து புது கோல்ஃப் மைதானங்கள் முளைத்துவிட்டன. ஒன்றில் நீரூற்று வைத்தால் அடுத்ததில் செயற்கை அருவி. ஆடுகிறவர்கள் என்னவோ அதே பழைய தொப்பிகள், அதே பழைய தொப்பைகள்தான். புதிதாக ஒன்று திறந்தால் மொத்தக் கூட்டமும் அங்கே பாயும், பழையது ஈயோட்டும்.

அப்படி ஈயோட்டிய பழைய மைதானத்தில்தான் மில்லிமீட்டர் பாதி ஆயுளைக் கழித்தார். ஒன்பதே குழிகள் கொண்ட சின்ன மைதானம். மனைவியின் தம்பியையும் அங்கேயே சேர்த்துவிட்டார். விடிந்ததும் மச்சான் புல் மேல் இருக்கிற பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே முன்னால் போவான், இவர் பின்னாலேயே மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். இருவருக்கும் ஒரே டீ ஃபிளாஸ்க். அருவி வைத்த புது மைதானக்காரர் தலைமைப் பொறுப்பும் சீருடையும் தருகிறேன் என்றதும் இவர் 'சரிங்க' என்றுவிட்டார். மச்சானையும் கூப்பிட்டார்.

"நானும் வந்துட்டா இங்க யாரு மாமா இருக்கா?" என்றான் அவன். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அடுத்த வருடமே பழைய மைதானத்தை மூடிவிட்டார்கள். மச்சான் மட்டும் காவல்காரனாக அங்கேயே தங்கினான். எட்டுக் குழிகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் களை மண்டியது. ஒன்பதாவது கிரீனை மட்டும் அவன் விடவில்லை. கிரீன் என்பது கொடி நடுகிற குழியைச் சுற்றி, பந்து உருள்வதற்காகக் குழந்தைத் தலை மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரை. இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் போயே போய்விடும். அதை ஒற்றை ஆளாக, குடத்தில் தண்ணீர் சுமந்து உயிரோடு வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். "ஒரு பெரியவர் இடத்தைப் பாக்க வராராம் மாமா. வாங்கி மறுபடியும் நடத்தப் போறாராம். ஒரு கிரீன் உயிரோட இருந்தாப் போதும், மண்ணு நல்ல மண்ணுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் எனக்கென்ன கவலை?"

"ம்" என்பார் மில்லிமீட்டர். பகற்கனவு என்று நினைத்தார். அப்படி நினைப்பதுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கோடையில் புது மைதானத்தில் பெரிய போட்டி வைத்தார்கள். பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஆசைப்பட்ட முதலாளி, நாலு மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிற கடைசி கிரீனை மூன்றில் வெட்டச் சொன்னார். அடிக்கிற வெயிலில் அது தாங்காது என்று இவருக்குத் தெரியும். தெரிந்தும் 'சரிங்க' என்றார். போட்டி அமர்க்களமாக முடிந்தது. ஒரே வாரத்தில் கிரீன் பழுத்து, மஞ்சளாகி, செத்தது.

முதலாளி இவரை அறைக்குள் கூப்பிட்டார். மூன்றில் வெட்டச் சொன்னது யார் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. "உனக்கு எதுக்குய்யா மில்லிமீட்டர்னு பேரு? அடுத்த போட்டிக்குள்ள அந்த இடம் பச்சையா இருக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இவருக்கு வாய் முந்திக்கொண்டது. "பழைய மைதானத்துல ஒன்பதாவது கிரீன் நல்லா இருக்குதுங்க. அதே ஜாதிப் புல்லுதான்."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலாளி அதற்குள் போனை எடுத்துவிட்டார். பழைய மைதானத்து முதலாளிக்குக் காசு கசக்குமா? புல்தரைக்கான விலைப் பேச்சு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. அப்போதாவது 'வேண்டாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நாளைக்கே லாரி எடுத்துட்டுப் போ' என்றதற்கு இவர் என்ன சொன்னார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

லாரி சத்தம் கேட்டு மச்சான் ஓடிவந்து கேட்டைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அவனுக்குப் பின்னால், தூரத்தில், ஒன்பதாவது கிரீனில் புதுக் குழி வெட்டிக் கொடி நட்டிருந்தான். பெரியவர் வரப்போகிற வாரம் அது.

"மாமா! அவரு உங்களையும் கூட்டிட்டு வந்துட்டாரா?" என்று லாரிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே பெரியவர் இல்லை. புல்தரையை உரிக்கிற மெஷின் இருந்தது.

இவர் சீருடைப் பொத்தானைத் திருகினார். விஷயத்தை லாரி டிரைவர்தான் சொன்னார். மச்சான் போய்க் கொடியைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.

"புதுசா யாராவது கை வெச்சா கிழிச்சிடுவாங்க. நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன், நீங்க சுருட்டுங்க மாமா."

இருவருமாகப் புல்தரையைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி ஏற்றினார்கள். பழைய நாட்களைப் போலவே அவன் முன்னால், இவர் பின்னால். வேலை சுத்தமாக நடந்தது. ஒரு துண்டுகூடக் கிழியவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் வரமாட்டான் என்றுதான் இவர் நினைத்தார், உண்மையில் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார். வந்தான். தட்டின் முன் உட்கார்ந்தான்.

"அந்தப் பெரியவர் வந்தாரு மாமா. காரை விட்டு இறங்கவே இல்ல. கண்ணாடிய இறக்கி வெறும் மண்ணைப் பாத்தாரு, போயிட்டாரு." சோற்றைப் பிசைந்தான். "ஒண்ணு கேக்கணும். அங்க ஒரு கிரீன் உயிரோட இருக்குன்னு உங்க முதலாளிக்கு யாரு சொன்னா?"

அடுப்படியில் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்கப் போவதில்லை.

"உங்க மைதானத்து முதலாளியே போன் பண்ணாராம்" என்றார்.

மச்சான் பெருமூச்சு விட்டான். அவன் முகம் தெளிந்ததை இவரால் பார்க்க முடியவில்லை.

"அதானே! இத்தனை நாளா மனசுக்குள்ள உங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் மாமா. தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க போய் அப்படிச் செய்வீங்களா? என் புத்தி ஏன்தான் இப்படிப் போச்சோ."

மில்லிமீட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது மட்டும் எப்போதும் வருகிற மாதிரியே வந்தது.

"சரி, சரி. அவனுக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்று மனைவியிடம் சொன்னார்.