வாழ்த்துமடல் சூசைமாணிக்கம்

"பொண்ணுக்குக் கோவம் வந்தா என்ன செய்வா?" என்று கேட்டுவிட்டு சூசைமாணிக்கம் டீயை ஊதத் தொடங்கினார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. மும்பை தாராவியில் கோகிலவாணியின் ஒற்றை அறை வீட்டில், வெங்காய மூட்டையும் புதுப் பாத்திரங்களும் போக மிச்சமிருந்த இடத்தில் சம்மணம் போட்டிருந்தார். எதையும் குறித்துக்கொள்ள மாட்டார். போனை மனைவி சேசம்மாளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்.

வடாலாவில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை அவருக்கு. ஆனால் தாராவியில் அவரை வாழ்த்துமடல் என்றால்தான் தெரியும். தாலி கட்டி முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து, மணமக்களைப் புகழ்ந்து நாலு பத்தி முழங்குவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது இல்லாவிட்டால் சாப்பாட்டில் ரசம் ஊற்றாத மாதிரி. முன்கூட்டியே வீட்டுக்குப் போய் இப்படி ஏடாகூடமாகக் கேட்டுக்கொண்டு வருவது அவருடைய பழைய பழக்கம். நடுவில் கொஞ்ச காலம் விட்டுப் போயிருந்தது.

அதற்குக் காரணம் போன்தான். இரண்டு பேரின் பெயரைத் தட்டினால் எதுகை மோனையோடு வாழ்த்து கொட்டியது. முதலில் ஒரு வார்த்தைக்காகப் பார்த்தார். பிறகு ஒரு பத்திக்காகப் பார்த்தார். கடைசியில் வாய் மட்டும்தான் அவருடையது. குத்துவிளக்கு என்று ஒரு மணப்பெண்ணைப் புகழ்ந்தார். அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருத்தியும் அதே குத்துவிளக்கானாள். வீட்டில் சாப்பாட்டு ஜெபம் சொல்லச் சொன்னால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். "குழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூடப் போனத்தான் பாக்காவ" என்பாள் சேசம்மாள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் போன வருஷம் இதே கோகிலவாணியின் மகன் நகுலுக்குக் கல்யாணம் நடந்தது. சூசைமாணிக்கம் மைக்கில், "தந்தையின் நிழலில் வளர்ந்து, தந்தை சொல்லே வேதமெனக் கொண்ட தனயன்" என்று கணீரென்று வாசித்தார். நகுல் தவழ்கிற வயதில், தங்கச்சி வந்தனா வயிற்றில் இருந்தபோது, வீட்டை விட்டுப் போனவர் அந்தத் தந்தை. அவரைத் தேடி கோகிலவாணியோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தவரே சூசைமாணிக்கம்தான். எல்லாம் தெரிந்தும் திரையில் இருந்ததை வாய் வாசித்துவிட்டது. கூட்டம் தலை குனிந்தது. கோகிலவாணி சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு யாரும் அவரை மைக்குக்குக் கூப்பிடவில்லை. வந்தனாவுக்கு வரன் அமைந்தது என்று கேள்விப்பட்டதும் அவரே வலியப் போய், வாழ்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். பை தைக்கிற மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள் கோகிலவாணி.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி? போனை மைக்குல வச்சா அதுவே வாசிச்சிட்டுப் போவுது."

அவர் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் மெஷின் நின்றது. வாசிப்பதாக இருந்தால் வரவேண்டாம், சொல்வதாக இருந்தால் வரலாம் என்றாள். இன்னொரு முறை தப்பாகச் சொன்னால் அந்த வாசலை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து வடாலா போகும் லோக்கல் ரயிலில் அவர் உதடு அசைந்துகொண்டே போகும். முதலில் இரண்டு வரி சேர்ப்பதற்குள் மண்டை காய்ந்தது. யோசிக்கிற பழக்கமே துருப்பிடித்துக் கிடந்தது. விடாமல் தேய்க்கத் தேய்க்க வார்த்தை வந்தது. சுமாரான வார்த்தைதான், ஆனால் சொந்தமாக வந்தது. பக்கத்தில் நிற்பவர்கள் அவரைக் கிறுக்கன் என்று நினைத்து இடம் விட்டார்கள். அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

மாஹிமில் ஒரு கல்யாண ஹாலில் தாலி கட்டியாயிற்று. சூசைமாணிக்கம் கையை வீசிக்கொண்டு மேடையேறினார். "மாப்ள, வந்தனாவுக்குக் கோவம் வந்தா சத்தம் போட மாட்டா. மராத்தியில பேசுவா. அவ மராத்தியில ஆரம்பிச்சா நீங்க அன்னைக்குக் கடைசி லோக்கல்ல வாங்க." ஹால் குலுங்கியது. வந்தனா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் தையல் மெஷினையும் பிள்ளைகளையும் ஒரே கட்டிலில் ஏற்றிவிட்டுக் கோகிலவாணி விடியும்வரை தண்ணீரில் நின்றதைச் சொன்னார். அந்தச் சந்துக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

அடுத்து, இன்னாரின் மகன் இன்னாரின் மகளை மணந்தார் என்று தகப்பன் பெயர்களை முழங்க வேண்டிய இடம். வந்தனாவின் தகப்பன் பெயரைத் தொடாமல் நழுவுவதற்கு அழகாக ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தார். அது சுத்தமாக மறந்துவிட்டது. கை சட்டைப் பைக்குப் போய்ச் சும்மா திரும்பியது. மைக் மட்டும் இரைந்தது. முன்வரிசையிலிருந்து சேசம்மாள் பதறிப்போய் போனை நீட்டினாள். உட்கார் என்று சைகை காட்டினார்.

மறந்தது நல்லதாய்ப் போயிற்று. மறந்த இடத்தில் அவர் யோசித்தார். எதற்காக நழுவ வேண்டும்? சமையல்கட்டு வாசலில், முந்தானையை இடுப்பில் செருகி, கையில் கரண்டியோடு நின்ற கோகிலவாணியைப் பார்த்தார். இதுவரை எந்தக் கல்யாணத்திலும் சொல்லாததை, எந்தப் போனும் சொல்லிக் கொடுக்காததை, அடிவயிற்றிலிருந்து சொன்னார்.

"கோகிலவாணி மகள் வந்தனா."

விசிலும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. ஒலி அடங்குவதற்குள் கோகிலவாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டாள். ஏசப்போகிறாள் என்று நினைத்து அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல அண்ணாச்சி. இன்னொருக்கா சொல்லுங்க" என்று, கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் தூக்கி அவர் வாயருகே பிடித்தாள்.