பத்து சென்டிமீட்டர் கோடு

மகள் ஆசை ஆசையாகக் கொடுத்த பிறந்தநாள் பரிசைப் பார்த்து ஒரு மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? பல்செட்டுக்காரர் அப்படித்தான் உட்கார்ந்தார்.

தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை அவருடையது. பகலெல்லாம் மெழுகும் அடுத்தவர் வாயும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகழுவியதும் பின்னறை மேஜையில் உட்கார்ந்துவிடுவார். பால்சா என்கிற லேசான மரத்தின் மெல்லிய கட்டைகளை வெட்டி ஒட்டிக் கிளைடர் செய்வார். இன்ஜின் கிடையாது, கையால் வீசினால் காற்றில் மிதந்து போகிற விமானம். அதற்கென்றே வருகிற மாதப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சந்தா கட்டிவந்தார்.

அதனால் பத்திரிகைமேல் அவருக்குப் பிரியம் என்று நினைத்துவிடக் கூடாது. அதை அவரளவுக்குத் திட்டுகிற ஆள் இந்தப் பூமியில் கிடையாது. பாதிப் பக்கம் பசை விளம்பரம். ‘முதல்முறை செய்கிறவர்களுக்கு’ என்று வருஷா வருஷம் அதே கட்டுரை, படம்கூட மாறாது. வாசகர் கடிதங்களில் இரண்டு பேர் விமானத்தின் வால் எப்படி இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்து, இன்னும் ஓய்ந்தபாடில்லை. சந்தா ஏறிக்கொண்டே போனது, தாள் மெலிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு மாதமும் உறையைப் பிரித்து, “இதெல்லாம் ஒரு புக்கு, இதுக்கு ஒரு ஆசிரியர்!” என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ஓர் எழுத்து விடாமல் கடைசிப் பக்கம்வரை படிப்பார்.

“காசு குடுத்து எரிச்சலை வாங்குற ஒரே ஆள் நீங்கதாங்க,” என்பாள் மனைவி.

அவர் சந்தாவை விடாததற்குக் காரணம் நடுவில் மடித்து வைத்திருக்கிற பெரிய தாள். அதில் ஒரு விமானத்தின் வரைபடம் முழு அளவில் இருக்கும். தாளை மேஜையில் விரித்து, மேலே பாலிதீன் காகிதத்தைப் போட்டு, கோட்டின் மேலேயே கட்டைகளை வைத்துக் குண்டூசியால் குத்தி நிறுத்திப் பசை தடவ வேண்டியதுதான். கணக்குப் போடுகிற தொல்லை கிடையாது, தாளில் இருக்கிறபடி விமானம் எழுந்து வரும்.

இந்த வருஷம் பத்திரிகைக்காரன் ஒரு வேலை செய்தான். பெரிய கிளைடர் ஒன்றை மூன்று இதழ்களுக்குப் பிரித்துப் போட்டான். முதலில் உடம்பும் வாலும், அடுத்ததில் இடது இறக்கை, அதற்கடுத்ததில் வலது. இடதையே திருப்பிப் போட்டு வலதைச் செய்துகொள்ளலாமே என்றால், வரைந்த மகானுபாவர் இரண்டையும் ஒன்றுபோல் வரைந்திருக்கவில்லை. வலது இறக்கையின் உள்பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்குமாம். எல்லாம் சந்தாவை விடாமல் கட்டவைக்கிற தந்திரம் என்று பல்செட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தேதான் மாட்டிக்கொண்டார். உடம்பும் இடது இறக்கையும் முடிந்து விமானம் அலமாரிமேல் காத்திருந்தது. மூன்றாவது இதழ்தான் வரவில்லை.

தபால்காரரை வழிமறித்துக் கேட்டார்.

“வந்தா குடுக்காம நான் என்ன சார் பண்ணப்போறேன்? எனக்கா றெக்கை வேணும்?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம்தான் மகள் அந்தப் பரிசைக் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். சிரித்த முகமாகப் போனை நீட்டினாள்.

“அப்பா, உங்க புக்கை இனிமே போன்லயே படிக்கலாம். பழசு எல்லாமே இருக்கு. சந்தா என் சம்பளத்துலேருந்து கட்டியாச்சு.”

“தபால்ல வர்றது?”

“அது இன்னும் எதுக்குப்பா? போன மாசமே நிறுத்திட்டேன். கிழிஞ்சு வருது, லேட்டா வருதுன்னு தினமும் நீங்கதானே புலம்புவீங்க!”

“அய்யோ, என் வலது றெக்கை?”

“இதோ இருக்கே.” போனில் தீக்குச்சி நீளத்துக்கு ஓர் இறக்கை தெரிந்தது. அவள் விரலால் இழுத்தாள். இறக்கை பெரிதாகி, இரண்டு பக்கமும் திரைக்கு வெளியே போய்விட்டது.

“ஏம்மா, இதுல நான் குண்டூசியை எங்க குத்துறது?”

அப்போதுதான் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. மகளின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. அதைப் பார்த்து அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. கேட்காமல் நல்லது செய்கிறவர்களை என்ன செய்வது? திட்டவும் முடியாது, வாழ்த்தவும் முடியாது.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் அந்த வரைபடத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்து, குறிக்குக் குறி சேர்த்து டேப் ஒட்டி, நீளமான ஒரே தாளாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போயிருந்தது. பல்செட்டுக்காரர் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, “ஒட்டுப் போட்ட பேப்பர்,” என்றார். வேறு வழியில்லாமல் அதன்மேலேயே வலது இறக்கையைக் கட்டினார். உடம்போடு பொருத்தும்போது, இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கம் நூலளவு தடித்திருந்தது.

“பாத்தியா, போன் பேப்பர் லட்சணத்தை!” என்று மனைவியிடம் காட்டிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து உட்காரவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளைடர் சங்கத்தார் கூடுகிற விளையாட்டு மைதானத்துக்கு மகளும் கூடவே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. சங்கத்தின் செயலாளர் முதல்கொண்டு எல்லோரும் புது விமானத்தைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். பல்செட்டுக்காரர் காற்றுக்கு எதிரே நின்று வீசினார். அது நாலடி போனது. பிறகு இடது பக்கம் சாய்ந்து, வாலைப் பிடிக்க ஓடுகிற நாயைப்போலத் தன்னைத்தானே சுற்றி, செயலாளரின் டீ ஃபிளாஸ்க்கைத் தட்டிவிட்டு விழுந்தது.

யாரோ சிரித்துவிட்டார்கள். யாரோ அளவு நாடாவை எடுத்து வந்தார்கள். வலது இறக்கை ஒரு விரல் அகலம் நீளமாக இருந்தது.

“எல்லாம் உன்னாலதான்!” என்று பல்செட்டுக்காரர் மகள் பக்கம் திரும்பினார். “ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த புக்கை நிறுத்துனே. அளவு தெரியாம ஒரு ஒட்டுப் பேப்பரைக் கொண்டாந்து நீட்டுனே. எதுலயும் அரைகுறை! தெரியாத வேலைல ஏன் மூக்கை நுழைக்கிறே?”

மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

“சரிப்பா,” என்றாள் மகள். கிளைடரின் உடைந்த வாலைப் பொறுக்கி அவர் பையில் வைத்துவிட்டு, தனியாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப்பின் அவளிடமிருந்து அளந்துதான் வார்த்தை வந்தது. “சாப்பாடு மூடி வெச்சிருக்கு”, “அம்மா கூப்பிடுறாங்க”, அவ்வளவுதான். பல்செட்டுக்காரர் பத்திரிகையில் வந்த இடது இறக்கைத் தாளையும் மகளின் ஒட்டுத் தாளையும் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். தப்பு எங்கே என்று அளந்து காட்டிவிட்டால், தான் கத்தியது நியாயம் என்று ஆகிவிடும் அல்லவா?

ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் குட்டியாக ஒரு கோடு இருக்கும். ‘இந்தக் கோடு சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கவும்’ என்று கீழே எழுதியிருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் அதை ஒருநாளும் அளந்ததில்லை. அச்சில் வந்ததை எவனாவது அளப்பானா? இப்போது பல் அளக்கிற கருவியை எடுத்து மகளின் தாளில் வைத்தார்.

பத்து. மயிரிழை பிசகில்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அதே பத்து. பத்திரிகைத் தாளில் வைத்தார். இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. அவர் தொழிலில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் போட்டவரால் வாயை மூட முடியாது. பத்து சென்டிமீட்டருக்கே இரண்டு மில்லிமீட்டர் என்றால், இறக்கை முழுக்க ஒரு விரல் அகலம். வலது இறக்கை நீளமில்லை, இடதுதான் குட்டை.

இவ்வளவு நாளும் எரிச்சலுக்கு ஓர் ஆள் இருந்தாள். இப்போது எரிச்சல் அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை. பத்திரிகைக்காரன்மேல் பாய்ந்தார். “சந்தாவை நிறுத்துறேன் பாரு!” என்று காலிப் பட்டறையில் கத்தினார். அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது என்பது கத்தி முடித்தபின்தான் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொண்டு நிறுத்தக்கூட ஒரு சந்தா இல்லாமல் போயிற்று. மகளிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் வீட்டுக்குப் போனால் வாய் வரவில்லை. அவள் அறைக் கதவுவரை போவார். தண்ணீர் குடிக்க வந்தவர்போல் திரும்பிவிடுவார்.

அந்த வாரக் கடைசியில் தபால்காரர் உறை ஒன்றை நீட்டினார். “இந்தாங்க சார், உங்க றெக்கை.”

மூன்றாவது இதழ்! பல்செட்டுக்காரர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்குறீங்க? உங்க பொண்ணுதான்,” என்றாள் மனைவி. “மைதானத்துல வாங்கிக் கட்டிக்கிட்டு அழுதுகிட்டே வந்தாளே, அன்னைக்கே திரும்பவும் தபாலுக்குக் கட்டிட்டா. விட்டுப்போன இதழையும் அனுப்பச் சொல்லி எழுதினா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நீங்க பேசினதுக்கு நானா இருந்தா ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்.”

நின்றபடியே உறையைப் பிரித்து, தாளை விரித்து, மூலைக் கோட்டை அளந்தார். இதிலும் அதே இரண்டு மில்லிமீட்டர் குறைவு. பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த மற்ற இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை தண்ணீர் குடிக்காமல் நேராக மகள் அறைக்குப் போனார்.

“இங்க பாரும்மா. என் புக்கு சுருங்கியிருக்கு. உன் பேப்பர்தான் சரி.”

மகள் மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தாள்.

“அப்போ ரெண்டு றெக்கையும் புக்குலேருந்து செஞ்சிருந்தா?”

“ரெண்டும் ஒண்ணா சுருங்கியிருக்கும். ஒழுங்கா பறந்திருக்கும்.”

“ரெண்டும் போன்லேருந்து செஞ்சிருந்தா?”

“அதுவும் பறந்திருக்கும்.” அவர் தரையைப் பார்த்தார். “நான் பேசினது தப்பும்மா.”

மகள் தாள்களைப் பொறுமையாகச் சுருட்டினாள். “திட்டினப்போ மைதானம் முழுக்க ஆள் இருந்தாங்க. இப்ப நாம ரெண்டு பேர்தாம்ப்பா இருக்கோம்.”

அவர் பின்னறைக்குப் போய், வாரக்கணக்கில் இழைத்த இடது இறக்கையைக் கழற்றி ஓரமாக வைத்தார். “இடது றெக்கையையும் போன்லேருந்து அச்சடிச்சுக் குடு,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஒட்டு நல்லா இருக்கட்டும்!” சந்தாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பாட்டுக்கு வரட்டும். எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துவிட்டால் பத்திரிகையோடும் குடித்தனம் நடத்தலாம்.

புது இறக்கை காய்ந்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். பல்செட்டுக்காரர் விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீசாமல் நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“அன்னைக்கு நான் எம்பொண்ணைத் திட்டினேன்,” என்றார். “குட்டையா இருந்தது நான் செஞ்ச றெக்கை. அவ குடுத்தது சரியான அளவு. தப்பு என்னோடது.”

கொஞ்சம் காது மந்தமான செயலாளர் புது ஃபிளாஸ்க்கை அணைத்துப் பிடித்தபடி, “என்ன சொல்றார்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“அவருக்குக் கேக்கலையாம்ப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க.”

பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்தார். பிறகு, அன்றைக்குத் திட்டிய அதே சத்தத்தில், இன்னொரு தடவை சொன்னார்.