செல்லுக்குள்ளிருந்து வரும் சேதி

எமர்ஜென்சி நாட்கள். பஸ்ஸில் இருமினால்கூட எவனாவது கவனிக்கிறானோ என்று பயம். நான் கோவளத்தில் குடியிருந்துகொண்டு சென்னையில் ஈஸ்ட் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ரொட்டியை உப்ப வைக்குமே, அதே ஈஸ்ட்தான். இந்த அழகுக்கு என்னை யார் வேவு பார்க்கப்போகிறார்கள்? ஆனால் ஒருத்தி பார்த்தாள்.

மீன் விற்கிற அம்மா. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கூடையோடு எங்கள் பக்கத்தில்தான் உட்காருவாள். நானும் என்னோடு வேலை செய்த நண்பனும் வாயைத் திறந்தால் போதும், அவள் காது இந்தப் பக்கம் திரும்பிவிடும். எங்களுக்கும் ஆராய்ச்சியை விட்டால் வேறு பேச்சு கிடையாது.

"செல்லுக்குள்ள சேதியை எழுதும்போதே சுத்தி மடிச்சுக் கட்டிடுதுடா. கட்டு சரியா இருந்தாத்தான் வாசல்ல வெளிய விடுது. எனக்கு அப்படித்தான் சந்தேகம்" என்பேன்.

ஆர்.என்.ஏ.வைத்தான் சேதி என்போம். டி.என்.ஏ.வைப் பார்த்து அது உருவாகும்போதே புரதங்கள் அதைப் போர்த்திவிடுகின்றனவா, உட்கருவின் துளை வழியே எப்படி வெளியேறுகிறது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒருநாள் டீக்கடை பாய் என் காதருகே வந்தார். "சார், அந்தம்மா உன் வூடு எங்க கீதுன்னு விசாரிச்சிகினு கீது. உஷாரா இரு."

போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறவளேதான்! என்னைத் தூக்கி உள்ளே போட்டால் யாரிடம் போய் ஈஸ்ட் என்று கதறுவது?

மறுநாள் நண்பன் வரவில்லை. அவள் கூடையை நகர்த்திக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு செல்லுல கீறாரு. மிசா சட்டத்துல புடிச்சாங்க. இட்டுகினு போனதோட சரி, ஒரு தகவலும் இல்ல. உள்ளேருந்து சேதி வெளிய வர்ற வழி உனக்குத் தெரியும்ல?"

அட கடவுளே!

"அம்மா, நான் சொன்னது ஜெயில் செல் இல்லம்மா. ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டு. அதுவே ஒரு செல்லுதான், கண்ணுக்குக்கூடத் தெரியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைப் போலீசு ஆளுன்னு நெனச்சிகினு ரொட்டிக் கத வுடுறியா சார்?"

அவளை அப்படி நினைத்தது உண்மைதானே.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வழியெல்லாம் சொல்ல வேணாம். உசுரோட கீறாரா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு சார்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.